கணவர் பெயர்

கவுண்டரில் இருந்தவர் படிவத்தைக் கண்ணாடித் தடுப்பின் அடி வழியாக வெளியே தள்ளி, ஒரு கட்டத்தின் மேல் பேனா மூடியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"கணவர் பெயர்னு இருக்கு பாருங்க. அது நீங்க இல்லையே. அப்புறம் எப்படிங்க உங்ககிட்ட பாடியைக் கொடுக்க முடியும்?"

லிஃப்ட்காரர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, இன்னொரு தரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தால் பெயர் மாறிவிடுமா என்ன? அவர் தோளுக்கு மேலாக மகள் எட்டிப் பார்த்தாள். பார்த்ததுமே அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறிவிட்டது.

எழுத்து அவளுடையது. நிமிர்ந்த, கட்டத்துக்குள் அடங்கிய, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய எழுத்து. கணவர் பெயர் என்ற கட்டத்தில் தன் அப்பாவின் பெயரை, முதலெழுத்தோடு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். கீழே விலாசம் என்ற இடத்தில் அப்பாவின் வீடு, கதவு எண் உட்பட.

அந்தப் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்திலிருந்து எடுக்க அம்மா ஆறு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாள். வாய்தாவுக்கு வாய்தா அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது, கால் சுளுக்கியது, அவருடைய வக்கீல் ஊரில் இல்லாமல் போனார். அம்மா விடவில்லை. பல்செட் செய்யும் லேப்பில் அவளுக்கு வேலை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, விரலிடுக்கில் ஒட்டிய பிளாஸ்டர் மாவுகூடப் போகாமல் கோர்ட் வாசலில் போய்ப் போய் உட்கார்ந்தாள். கடைசியில் விவாகரத்துத் தீர்ப்பைக் கையில் வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தாள். அப்படி எடுத்த பெயரை மகள் நேற்று ஒரே நிமிஷத்தில் திரும்ப ஒட்டிவைத்துவிட்டாள்.

நேற்றுக் காலையில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா குழாயடியிலேயே சரிந்துவிட்டாள். லிஃப்ட்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் மூன்று மாடி தூக்கி இறக்கி இங்கே கொண்டுவந்தார்கள். மூளைக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து மகள் ஓடிவந்தபோது லிஃப்ட்காரர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் அறைக்கு ஓடிக்கொண்டிருந்தார். யாரோ இவள் கையில் படிவத்தைத் திணித்தார்கள். இவள் எழுதிக் கொடுத்தாள்.

படிவம் நிரப்புவதுதான் அவள் பிழைப்பு. வீட்டிலும் ஐந்தாம் வகுப்பிலிருந்து அவள்தான். அம்மாவின் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். "நீயே எழுதிடுடி, உன் எழுத்தைப் பார்த்தா ஆபீசரே எந்திரிச்சு நிப்பான்" என்பாள். அம்மாவுக்காக அந்தக் கட்டத்தில் அவள் எழுதிப் பழகிய பெயர் ஒன்றே ஒன்றுதான். கை பாட்டுக்கு எழுதிவிட்டது.

ஆனால் பழியைக் கையின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியுமா? அம்மா லிஃப்ட்காரரைப் பதிவுத் திருமணம் செய்து ஒன்பது வருஷமாகிறது. ஒன்பது வருஷத்தில் அவரை எந்த உறவு சொல்லியும் இவள் கூப்பிட்டதில்லை. அந்த ஆள். அவ்வளவுதான். "அந்த ஆள் பக்கத்துல இருக்காரா? அப்ப வெச்சிடறேன்" என்று எத்தனை தரம் போனைத் துண்டித்திருப்பாள். மாதத்துக்கு ஒரு மத்தியானம் அம்மா இவள் வீட்டுக்கு வருவாள். அவர் கீழே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பார். ஏழாவது மாடி ஜன்னலிலிருந்து அவருடைய வழுக்கை தெரியும். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் சரிபண்ணுகிற மனிதர் இவள் வீட்டு லிஃப்டில் ஒரு தரம்கூட ஏறியதில்லை. இவள் ஏறி வாருங்கள் என்று சொன்னதில்லை.

"இதுல இருக்கறவர் யாருங்க?" கவுண்டர்க்காரர் கேட்டார்.

"என் அப்பா."

"அப்ப இவரு?"

மகள் வாயைத் திறந்தாள். அவள் திணறுவதைப் பார்த்து லிஃப்ட்காரரே முந்திக்கொண்டார்.

"நான் லிஃப்ட் மெக்கானிக் சார்."

கவுண்டர்க்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "லிஃப்டு அந்தப் பக்கம் இருக்கு. இங்க என்ன உங்களுக்கு வேலை?"

எதிர்ப்புறம் சுவரோரமாக இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. அம்மா போனது காலை ஆறு மணிக்கு. இப்போது ஒன்பதரை. ஆறரைக்கு நர்ஸ் வந்து அம்மாவின் சாமான்களை இவள் கையில் கொடுத்திருந்தாள். ஒரு கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, சின்ன பிளாஸ்டிக் கவரில் அம்மாவின் பல். பல் என்றால் ஒற்றைப் பல். மேல்வரிசை முன்பல் ஒன்று, அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ரோஸ் நிறத் தகட்டோடு. அதைப் பார்த்ததும் லிஃப்ட்காரர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கவருக்குள் ஊற்றினார். "காய விடக்கூடாதும்மா. வளைஞ்சிடும்னு சொல்லுவாங்க" என்றார். ஊற்றி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். பாட்டில் மூடியைத் திருக வராமல் திருகிக்கொண்டே இருந்தார்.

கவரின் வாயை ரப்பர் பேண்டால் கட்டி மகள் கையில் வைத்திருந்தாள். அந்தப் பல்லின் கதை தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். இன்று காலையிலிருந்து இரண்டு பேர். லிஃப்ட்காரருக்கும் தெரியும் என்றால் மூன்று.

அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். லேப்பில் அவசர வேலை என்று அம்மா அன்று தாமதமாக வந்தாள். வந்தவள் சமையலறைக்கு ஓடிக்கொண்டே, "எல்லாம் மூடி வெச்சுட்டுத்தானே போனேன், எடுத்துப் போட்டுக்கிட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள். சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். அப்பா எழுந்து வந்து அறைந்தார். பல் தெறித்து இவளுடைய ஜியோமெட்ரி பாக்ஸ் பக்கத்தில் விழுந்தது. அம்மா குனிந்து அதை எடுத்து, குழாயில் அலசி, பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். மூன்று நாள் கழித்து லேப்பில் தனக்குத் தானே அச்சு எடுத்து, மெழுகு வார்த்து, தேய்த்து, இந்தப் பல்லைச் செய்து மாட்டிக்கொண்டு வந்தாள். படியில் விழுந்துவிட்டேன் என்று அண்ணனிடம் சொன்னாள். அக்கம்பக்கத்திலும் அதையே சொன்னாள். "ஆமா, படியில விழுந்துட்டாங்க" என்று பக்கத்தில் நின்று தலையாட்டியவள் இவள்தான்.

இப்போது நாற்பது வயதில் இரண்டாவது பொய்ச் சாட்சி. அதுவும் எழுத்து மூலமாக.

வாசல் கதவு திறந்தது. முதலில் அப்பா வந்தார், இரண்டடி பின்னால் அண்ணன். அப்பா இஸ்திரி கலையாத சட்டை போட்டிருந்தார். தலைக்குச் சாயம் அடித்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. எழுபத்தோரு வயதில் நடையில் ஒரு துள்ளல் வேறு. பெஞ்சில் இருந்த லிஃப்ட்காரரை நாற்காலி மேஜையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நேராகக் கவுண்டருக்குப் போனார்.

"நான்தாங்க வீட்டுக்காரர்" என்றார்.

அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்று ருசித்துச் சொன்னார். கவுண்டர்க்காரர் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, படிவத்தோடு வைத்துப் பார்த்தார். "சரியா இருக்கு. ஃபார்மாலிட்டி கொஞ்சம் இருக்கு, உட்காருங்க" என்றார்.

சரியாக இருக்கிறதாம்!

மகள் எழுந்து வந்தாள். "அண்ணா, எங்க கொண்டுபோகப் போறீங்க?"

"எங்கன்னா? நம்ம வீட்டுக்குத்தான்." அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "நாற்காலியெல்லாம் வந்து இறங்கியாச்சு. ஹால்ல சோபாவை நகர்த்தி இடம் பண்ணியாச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துடலாம். பேப்பருக்கும் விளம்பரம் கொடுத்துட்டேன்."

"என்னன்னு கொடுத்த?"

"எல்லாரும் எப்படிப் போடுவாங்களோ அப்படித்தான். இன்னாரோட மனைவி, இன்னாரோட தாயார்."

"எந்த இன்னார்?"

"பாப்பா, இது மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கற நேரமில்ல. நீயே அப்பா பேரைத்தான் எழுதிக் கொடுத்திருக்க. நல்ல காரியம் பண்ணின. ஒம்பது வருஷமா எனக்கு வெளிய தலை காட்ட முடியல. ஐம்பத்தாறு வயசுல உங்கம்மாவுக்கு மாப்பிள்ளையான்னு எவனெவனோ பல்லைக் காட்டினான். கடைசியா ஒரு நாளாவது மரியாதையா அனுப்பி வைக்கலாமேன்னு பார்க்கறேன்."

மரியாதை! அம்மாவுக்கு ரத்தம் வந்த அன்று இந்த அண்ணன் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து, படியைப் பார்த்து ஏறக் கூடாதா என்று அம்மாவையே கடிந்துகொண்டவன். கோர்ட்டுக்கு ஒரு நாள் வந்து இரண்டு வார்த்தை சொல்லு என்று அம்மா கேட்டபோது ஆபீஸில் ஆடிட்டிங் என்றவன். இவள் மட்டும் என்ன கிழித்தாள்? இவளுக்கும் அன்று ஏதோ ஒரு வேலை இருந்தது.

அப்பா திரும்பினார். முகத்தில் துக்கம் இருக்கிறதா என்று தேடினாள். இருந்ததோ என்னவோ, அதற்கு மேலே வேறொன்று தடித்து உட்கார்ந்திருந்தது.

"அன்னிக்குப் போகும்போது என்ன சொல்லிட்டுப் போனா உங்கம்மா? ஞாபகம் இருக்கா?" என்று அண்ணனிடம் கேட்டார். ஆனால் கண் லிஃப்ட்காரர் மேல் இருந்தது. "பொணமாக்கூட இந்த வாசலை மிதிக்க மாட்டேன்னா. என்ன பேச்சு, என்ன திமிரு! இப்பப் பாரு. எப்படி வர்றான்னு பாரு."

அம்மா அதைச் சொன்னபோது மகளும் பக்கத்தில்தான் இருந்தாள்.

அவளுடைய கல்யாணம் முடிந்த மறுமாதம் அது. மறுவீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா ஒரு பையில் நான்கு புடவையும் லேப் ஏப்ரனும் எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டினாள். இவளை வழியனுப்ப வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, கல்லானாலும் கணவன் என்று ஆரம்பித்தாள். "கல்லுன்னா அது பாட்டுக்கு ஓரமாக் கெடக்கும்டி. இது எந்திரிச்சு வந்து அடிக்குதே" என்றாள் அம்மா. அப்பா வாசலை மறித்து நின்றார். "போ. போயிட்டு பொணமாத்தான் இங்க திரும்பி வருவ" என்றார். அதற்கு அம்மா சொன்ன பதில்தான் அது. சொல்லிவிட்டு அவர் கைக்கு அடியில் குனிந்து வெளியே போனாள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று ஊரில் சொல்வார்களே, அம்மா பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்வாள்: "எனக்குப் பல்லு போனப்புறம்தான் சொல்லே வந்துது."

ஆக, இந்த மனிதர் அழ வரவில்லை. பதினைந்து வருஷம் முந்திய ஒரு பேச்சில் ஜெயிக்க வந்திருக்கிறார். செத்துப்போன ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வாசலைத் தாண்ட வைத்து, பார்த்தாயா என்று கேட்க வந்திருக்கிறார். அதற்கு வழிபண்ணிக் கொடுத்தது யார்? பெற்ற மகள். முத்து முத்தான எழுத்தில்.

அவள் கவுண்டருக்குப் போனாள். "சார், நான் எழுதினது தப்பு. அம்மா விவாகரத்து வாங்கிட்டாங்க. இப்ப அவங்க கணவர் இவர் இல்ல."

கவுண்டர்க்காரர் பேனாவைக் கீழே வைத்தார். தினமும் பத்துக் குடும்பத்தைப் பார்க்கிற அலுப்பு அவர் முகத்தில் இருந்தது. "வாயால சொன்னா நான் என்னம்மா பண்றது? கோர்ட் ஆர்டர், கல்யாணப் பதிவு ரெண்டும் வேணும். அதோட, தகவல் கொடுத்தவங்களே தப்பாக் கொடுத்துட்டேன்னு கைப்பட எழுதித் தரணும். நீங்கதானே கொடுத்தது? நீங்கதான் எழுதணும். வேற யாரும் எழுத முடியாது. இல்லைன்னா இதுல இருக்கறவர்கிட்டதான் ஒப்படைப்போம்."

அந்தச் சமயம் பார்த்து அவள் போன் அடித்தது. கணவன்.

"உங்கண்ணன் இப்பத்தான் எனக்குப் பேசினார்" என்றான். "எதுக்கு அங்க வம்பு பண்ணிக்கிட்டிருக்க? மாமா சொல்றபடி விட்டுடு. எங்கம்மா அப்பாவெல்லாம் கிளம்பி மாமா வீட்டுக்குத்தான் வர்றாங்க. அந்த லிஃப்ட்காரன் வீட்டுக்கா அவங்களைக் கூட்டிட்டுப் போக முடியும்? செத்தவங்களுக்கு யாரு புருஷனா இருந்தா என்ன, தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

"என்னது?"

"எனக்குத் தெரியும்ல. நான் இன்னும் சாகலையே." போனை வைத்தாள். அவனிடம் இப்படிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

லிஃப்ட்காரர் எழுந்து பக்கத்தில் வந்திருந்தார். கையில் ஒரு நீல ஃபைல். "இதுல எல்லாம் இருக்கும்மா. எங்க போனாலும் ஸ்கூட்டர் பெட்டியிலேயே வெச்சுக்கணும்னு சொல்லுவாங்க. வீடு வாடகைக்குக் கேட்டப்ப, பேங்குல, எல்லா இடத்துலயும் நீங்க யாரு நீங்க யாருன்னு கேட்டாங்க இல்லையா. அதனால பத்துப் பத்து காப்பி எடுத்து வெச்சிருந்தாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா வேணாம்மா. விட்டுடுங்க. உங்க குடும்பத்துக்குள்ள என்னால சண்டை வேணாம். வண்டியில ஒரு ஓரமா உட்கார்ந்து வர விட்டாங்கன்னா போதும் எனக்கு."

அவளுக்கு அவர் மேலேயே ஆத்திரம் பொங்கியது. ஓரமாம், ஓரம். ஏன் இந்த மனிதர் இப்படிக் குறுகி நிற்கிறார்? சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஒன்பது வருஷமாக அவரை ஸ்கூட்டரிலேயே உட்கார வைத்தது யார் என்ற கேள்வி அதற்குள் குறுக்கே வந்து நின்றது.

"அவருக்கு இருக்கற அறிவுகூட உனக்கில்லையே" என்றார் அப்பா. அவர் முதல்முறையாக லிஃப்ட்காரரை ஒரு ஆளாக மதித்துப் பேசியது அதுதான். "நான் என்ன குடிகாரனா, ஊதாரியா? இருபத்தொன்பது வருஷம் வெச்சு வாழ்ந்தேன். என்ன குறை வெச்சேன் உங்கம்மாவுக்கு? சொல்லு. ஒரு குறை சொல்லு பார்ப்போம்."

மகள் பிளாஸ்டிக் கவரை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தண்ணீருக்குள் பல் மெல்ல ஆடியது.

அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "என்னது இது?"

"பல்லு."

"யார் பல்லு?"

அவர் நடிக்கவில்லை. நடித்திருந்தால்கூடத் தேவலை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார், அதோடு அது முடிந்துபோயிற்று. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் எதிரே நின்று சோறு போட்ட பெண்ணின் வாயில் ஒரு பல் மட்டும் நிறம் கொஞ்சம் மாறியிருந்ததை அந்த மனிதர் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

"அம்மா படியில விழுந்தாங்களே" என்று அண்ணன் ஆரம்பித்தான்.

"விழல." அவள் குரல் அந்த நடைவழி முழுக்கக் கேட்டது. மாத்திரைச் சீட்டோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "அம்மா எந்தப் படியிலயும் விழல. இவர் அடிச்சார். நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். பல்லு என் புத்தகத்துக்கிட்ட வந்து விழுந்துது. எல்லார்கிட்டயும் படியில விழுந்தாங்கன்னு நானும் சேர்ந்து பொய் சொன்னேன். இருபத்தேழு வருஷமாச் சொல்லியாச்சு. போதும்."

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா, "எந்த வீட்டுல நடக்காதது? ஒரு அடி, என்னமோ கோபத்துல..." என்றார். பிறகு, "அதுக்காக?" என்றார்.

அவள் லிஃப்ட்காரர் கையிலிருந்து ஃபைலை வாங்கினாள். கவுண்டர்க்காரரிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள். அவர் பேனாவையும் சேர்த்தே கொடுத்தார்.

"பெத்த அப்பனுக்கு எதிரா எழுதிக் கொடுக்கறியா?" அப்பாவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"எதிராவெல்லாம் இல்லப்பா" என்றாள், திரும்பாமல். "தப்பா எழுதினதைத் திருத்தறேன்."

எழுத ஆரம்பித்தாள். நேற்று நான் அளித்த படிவத்தில் என் தாயாரின் கணவர் பெயரையும் விலாசத்தையும் தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன். சரியான பெயர், என்பது வரைக்கும் பேனா ஓடியது. பிறகு நின்றது.

அவளுக்கு அவர் பெயர் தெரியாது.

அம்மா அவரை என்னங்க என்பாள். லேப் இருந்த கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். நான்காவது மாடி லேப்புக்குப் போகிற லிஃப்ட் வாரம் ஒரு தரம் நின்றுவிடும், ஒரு தரம் அதற்குள் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்ட அம்மாவோடு கதவிடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே பழுது பார்த்தவர் அவர். இந்தக் கதையெல்லாம் தெரியும். அவருடைய பெயரை மட்டும் இவள் கேட்டதில்லை. கல்யாணப் பத்திரிகை கிடையாது. பதிவு ஆபீஸுக்கு அம்மா கூப்பிட்டபோது இவள் போகவில்லை.

ஃபைலைத் திறந்தால் சான்றிதழில் இருக்கும். அவள் திறக்கவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"உங்க பேர் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலேயே மாட்டிக்கொண்டார்.

"முழுப் பேரும் சொல்லுங்க. மன்னிச்சுக்குங்க, எனக்குத் தெரியாது."

சொன்னார். பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர வந்த பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். நல்ல நீளமான பெயர். அவள் ஒவ்வொரு எழுத்தாக, கட்டம் இல்லாத தாளில் கட்டம் போட்டதுபோல எழுதினாள்.

"விலாசம்?"

தெருவைச் சொன்னார், கதவு எண்ணைச் சொன்னார். "மூணாவது மாடி" என்றார். பிறகு வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிப் பழகிய வாயால், "லிஃப்ட் கிடையாது" என்றார்.

கவுண்டர்க்காரர் அதைக் கேட்டு ஒரு கணம் நிமிர்ந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிதத்தை வாங்கிப் படித்தார். தீர்ப்பின் நகலையும் பதிவுச் சான்றிதழையும் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, பழைய கட்டத்தின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் இவளைச் சுருக்கக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"ஒப்படைக்கிற ரிஜிஸ்டர்ல எழுதணும். இவர் இறந்தவங்களுக்கு என்ன உறவு? வாயைத் திறந்து சொல்லுங்கம்மா."

"வீட்டுக்காரர்" என்றாள் மகள். "அம்மாவோட வீட்டுக்காரர்."

பின்னால் ஒரு நாற்காலி கீச்சென்று நகர்ந்தது. அப்பா உட்கார்ந்திருந்தார். அண்ணன் வாசல் கதவோரம் போய் நின்றுகொண்டு போனில் யாரிடமோ, "ஆமா, நாற்காலியைத் திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லு. இல்ல, இங்க வரல. இல்லைன்னா இல்லதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று அவனுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பிணவறை அடித்தளத்தில் இருந்தது. அங்கிருந்து லிஃப்டில் மேலே கொண்டுவருவார்கள், பின்வாசலில் வண்டி நிற்கும். லிஃப்ட் கதவுக்கு முன்னால் இருவரும் காத்திருந்தார்கள்.

"நேரா எரியூட்டற இடத்துக்கே போயிடலாம்மா" என்றார் லிஃப்ட்காரர். "மூணு மாடி ஏத்தி இறக்கி என்னைக் குலுக்காதீங்கன்னு அவங்களே வேடிக்கையாச் சொல்லுவாங்க. லிஃப்ட்காரனைக் கட்டிக்கிட்டுப் படி ஏறியே முட்டி போச்சுன்னு தினமும் பாட்டு."

"இல்ல, வீட்டுக்குப் போகலாம்" என்றாள். "தூக்கிடலாம். நானும் அந்த வீட்டைப் பார்த்ததில்ல."

அவர் தலையை மட்டும் அசைத்தார். பிளாஸ்டிக் கவரை அவள் அவரிடம் நீட்டினாள். அவர் அதைச் சட்டைப்பையில் நிமிர்த்தி வைத்து, தண்ணீர் சிந்துகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மணி அடித்து லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே ஸ்ட்ரெச்சரில் வெள்ளைத் துணிக்கு அடியில் அம்மா, தலைமாட்டில் மருத்துவமனை ஊழியர் ஒருவர். லிஃப்டின் தரை வெளித் தரைக்கு இரண்டு விரல் கீழே நின்றிருந்தது. ஊழியர் தள்ளினார். முன்சக்கரம் விளிம்பில் முட்டியது, ஸ்ட்ரெச்சர் அதிர்ந்தது. துணிக்கு அடியில் அம்மாவின் தலை ஒரு பக்கமாக அசைந்தது.

"இருங்க, இருங்க." லிஃப்ட்காரர் ஒரு கையால் கதவை மறித்துக்கொண்டு குனிந்தார்.

"நகருங்க சார், இது எப்பவும் இப்படித்தான். கொஞ்சம் பலமா இடிச்சுத் தள்ளினா ஏறிடும்."

"இடிக்கக் கூடாதுங்க" என்றார் அவர். குரல் உயரவில்லை, ஆனால் ஊழியர் கையை எடுத்துவிட்டார். லிஃப்ட்காரர் மண்டியிட்டு உட்கார்ந்து முன்சக்கரத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தார். அந்தப் பக்கம் இன்னொரு சக்கரம் இருந்தது. மகள் புடவையைச் செருகிக்கொண்டு அவருக்கு எதிரே மண்டியிட்டாள். சக்கரம் சில்லென்று இருந்தது.

"நான் சொன்னதும் தூக்கும்மா" என்றார்.

அவர் சொன்னார். தூக்கினார்கள். ஸ்ட்ரெச்சர் சத்தமில்லாமல் வெளியே வந்து நின்றது.